பழகிய தோல்

1

1981இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தின் தொடக்கத்தில் ஒருவன் காட்டுக்குள் நடந்து போகிறான். முகம் சரியாகத் தெரிவதில்லை. தொப்பியும் முதுகும் பழுப்பு நிறத் தோல் ஜாக்கெட்டும்தான் தெரிகின்றன. ஆனால் அந்த ஜாக்கெட்டைப் பார்த்ததுமே இவன் நிறைய இடம் சுற்றியவன், பலமுறை விழுந்து எழுந்தவன் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. இண்டியானா ஜோன்ஸ் யார் என்று யாரும் வசனம் பேசி விளக்கவில்லை. முழங்கைச் சுருக்கமும் வெளுத்துப்போன ஓரங்களும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

உண்மையில் அது புது ஜாக்கெட். உடை வடிவமைப்பாளர் டெபோரா நடூல்மன் கம்பி பிரஷ்ஷையும் பேனாக்கத்தியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கையால் தேய்த்துச் சுரண்டிப் பழசாக்கிய ஜாக்கெட். நாம் ஒரு மனிதனின் பத்து வருட வாழ்க்கை என்று வாசித்தது ஒரு பெண்ணின் சில நாள் கைவேலை.

இதை ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. சினிமா என்றாலே அப்படித்தான். எனக்கு ஆர்வம் வேறு இடத்தில். தோலில் விழுந்த சுருக்கத்தைப் பார்த்தவுடன் அதைப் போட்டிருப்பவனின் வரலாறாக வாசிக்கிறோம். அந்தச் சுருக்கத்தை உண்டாக்கிய கை நம் நினைவுக்கே வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த வாசிப்புப் பழக்கத்தைப் பற்றியது. புது தோல் ஜாக்கெட் ஒன்றை உடம்புக்குப் பழக்குவதைச் சுற்றி இன்று பெரிய அழகியலே உருவாகியிருக்கிறது. ஆறு மாதம் போட்ட பிறகு எப்படி இருக்கிறது, இரண்டு வருடம் கழித்து எப்படி என்று படம் எடுத்து வரிசையாக வைக்கிறார்கள். 'இந்தச் சுருக்கம் என்னுடையது' என்பதுதான் அதன் மைய வாக்கியம். அந்த 'என்னுடையது' எவ்வளவு தூரம் உண்மை?

2

முதலில் சொல்லைப் பார்ப்போம். விறைப்பான புதுத் தோலை இளக்குவதை ஆங்கிலத்தில் 'பிரேக் இன்' என்கிறார்கள். முரட்டுக் குதிரையைச் சவாரிக்குப் படிய வைப்பதற்கும் அதே சொல்தான். அதற்குள் உடைப்பது இருக்கிறது. ஒருவன் ஜெயிக்கிறான், இன்னொன்று பணிகிறது.

தமிழில் நாம் 'பழகிடும்' என்கிறோம். புதுச் செருப்பு பழகிடும், புது ஊர் பழகிடும், புது மனுஷங்களும் பழகிடுவாங்க. இதில் எது எதற்குப் பழகுகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். செருப்பு காலுக்குப் பழகுகிறதா, கால் செருப்புக்குப் பழகுகிறதா? இரண்டும்தான். அதோடு, நம் மொழியில் செருப்பு கடிக்கும். அதற்குப் பல் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவி அதைச் சமாதானப்படுத்துவோம்.

ஜெயகாந்தன் இந்த வழக்கை எடுத்து 'புதுச் செருப்பு கடிக்கும்' என்று ஒரு கதைக்கே பெயர் வைத்தார். புது மனைவியோடு ஒட்ட முடியாத ஒருவன், முன்பு பழகிய பெண்ணைத் தேடிப்போகும் கதை. புதுசு என்றால் கடிக்கத்தான் செய்யும், பழகினால் சரியாகிவிடும் என்ற ஆறுதல் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. எனக்கு எப்போதும் உறுத்துவதும் அந்த ஆறுதல்தான். உவமைக்குள் கால் ஆணாகவும் செருப்பு பெண்ணாகவும் ஆகிவிடுகிறார்கள். காலுக்கு வலிப்பதைப் பற்றிப் பேசுகிறோம். செருப்புக்கு என்ன ஆனது, அது செருப்பாவதற்கு முன் என்னவெல்லாம் ஆனது என்ற கேள்விக்கு உவமையில் இடமில்லை. 'பழகுதல்' என்பது பரஸ்பரம் தொனிக்கிற நல்ல சொல். ஆனால் பரஸ்பரம் என்று சொல்லிவிட்டாலே கணக்கு நேராகிவிடாது.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு பைக் ஓட்டுவதற்காகக் கனமான மாட்டுத்தோல் ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். முதல் வாரம் அதை நாற்காலி மேல் வைத்தால் யாரோ உட்கார்ந்திருப்பது போல் தானாகவே நின்றது. போட்டுக்கொண்டால் கையை முழுசாக மடக்க முடியாது. காலர் கழுத்தை அறுத்தது. ஹெல்மெட் வாரை மாட்டுவதற்குள் வியர்த்துவிடும். ஒவ்வொரு அசைவுக்கும் 'கிறீச்' என்று ஒரு சத்தம், பழைய மரக்கதவு மாதிரி. நாலு மாதத்தில் முழங்கையில் மூன்று வரி விழுந்தது. எட்டாவது மாதத்தில் அது ஜாக்கெட் என்ற நினைப்பே போய்விட்டது. அந்த மூன்று வரி மேல் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இங்கே விசாரிக்கிறேன்.

3

அந்தச் சத்தத்தை நான் முதலில் படித்தது ஒரு கவிதையில். தாம் கன் இங்கிலாந்தில் பிறந்து, 1954இல் அமெரிக்கா போய், கலிஃபோர்னியாவில் தங்கிவிட்ட கவிஞர். 1961இல் வந்த 'மை சாட் கேப்டன்ஸ்' தொகுப்பில் 'பிளாக் ஜாக்கெட்ஸ்' என்ற கவிதை இருக்கிறது. சிவந்த முடிக்கார இளைஞன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தன் கூட்டாளிகளோடு குடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். சாய்ந்து உட்காரும்போது தோல் மெதுவாகக் கிறீச்சிடுவது அவன் காதிலேயே கேட்கிறது. அவ்வளவுதான் கவிதையில் நடப்பது. பெரிய சம்பவம் எதுவும் இல்லை.

அந்தக் கவிதையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, கறுத்த ஜாக்கெட் கையில் இருக்கும் கோடுகளையும் கீறல்களையும் கன் பார்க்கிற விதம். எப்போதோ எங்கேயோ செய்த சாகசத்தின் முத்திரைகள் அவை. ஆனால் அந்த முத்திரைகளால் அந்தச் சாகசத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தழும்பு இருக்கிறது, விழுந்த கணம் இல்லை. ஹாலிவுட்டில் ஜாக்கெட்டின் தழும்பு கடந்த காலத்துக்குச் சாட்சி சொல்கிறது. கன்னின் கவிதையில் அதே தழும்பு வாயைத் திறப்பதில்லை. தோல் ஜாக்கெட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் படித்த வரையில் இவ்வளவு நேர்மையான பார்வை வேறில்லை.

இரண்டாவது, கன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் ஒரு தகவல். இந்தப் பையன் வார நாட்களில் வேலை உடுப்பு போட்டுக்கொண்டு வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இந்த ஜாக்கெட். கவிதை அந்த வார நாட்களுக்குள் போகவில்லை. ஆனால் அவை இருக்கின்றன என்று காட்டிவிடுகிறது. இதையும் மற்ற படைப்புகளில் பார்ப்பது அரிது. 'தி வைல்டு ஒன்' (1953) படத்தில் மார்லன் பிராண்டோ பைக்கில் சாய்ந்து நிற்கிறார். ஜாக்கெட்டும் திமிரும் அப்படிப் பொருந்தியிருக்கின்றன. திங்கட்கிழமை அவர் எங்கே வேலைக்குப் போவார் என்று கேட்கவே தோன்றாது.

அந்த ரக ஜாக்கெட்டின் மூதாதைக்கு ஒரு சின்னக் கதை உண்டு. 1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் பைக் ஓட்டுகிறவர்களுக்காக முன்பக்கம் ஜிப் வைத்த தோல் ஜாக்கெட் ஒன்றை உருவாக்கினார். தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கு வைத்தார்: பெர்ஃபெக்டோ. விலை ஐந்தரை டாலர். விழுந்தால் உடம்புத் தோல் உரியாமல் இருக்க இன்னொரு தோல், அவ்வளவுதான் அதன் நோக்கம். கலகத்தின் அடையாளம் ஆனதெல்லாம் பிறகு.

4

என் ஊர் வாணியம்பாடி. அந்தப் பக்கத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று சொன்னால் தோல்தான் ஞாபகத்துக்கு வரும். என் பெரியப்பா முப்பது வருடத்துக்கு மேல் டேனரியில் வேலை செய்தவர், அதில் பெரும்பகுதி ஸ்டேக்கிங் மெஷினில். ஒருமுறை பெங்களூர் வந்திருந்தபோது கதவுக்குப் பின்னால் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்தார். வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. லைனிங் பிரிந்திருந்த இடத்தில் விரலை விட்டு உள்பக்கத்தைத் தடவினார். ஓரத்தை மடக்கிக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"எண்ணெய் கம்மியா விட்டிருக்கான்" என்றார்.

"தரம் சரியில்லையா பெரியப்பா?"

"தோலு நல்ல தோலுதான்டா. வேணும்னேதான் கம்மியா விட்டிருக்கான். கடைசியில நாலஞ்சு மணி நேரம் வெறும் டிரம்முல போட்டு சுத்தி விட்டிருந்தா பஞ்சு மாதிரி ஆயிருக்கும். அதையும் செய்யாம விட்டிருக்கான்."

எட்டு மாதம் நான் உடம்பால் செய்த வேலையை ஒரு டிரம் நாலஞ்சு மணி நேரத்தில் செய்திருக்கும். அதைத் தெரிந்தே செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள, தோல் எப்படி மெதுவாகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடியை நீக்கி, உள்பக்கச் சதையை வழித்து, அமிலத்தில் பக்குவப்படுத்தி, பிறகு பதனிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த வேலையைக் குரோமியம் உப்பு ஒரு நாளில் முடித்துவிடும். வெளியே வரும்போது தோல் ஈரமாகவும் வெளிர் நீலமாகவும் இருக்கும். தொழிலில் அதற்கு 'வெட் ப்ளூ' என்றே பெயர். அதை அப்படியே காயவிட்டால் உள்ளே இருக்கும் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் அப்பளம் போல் விறைத்துவிடும். அதனால்தான் எண்ணெய்க் கரைசலில் போட்டு டிரம்மில் சுற்றுகிறார்கள். இதை 'ஃபேட் லிக்கர்' என்கிறார்கள். நார்களுக்கு நடுவே எண்ணெய் போய் உட்கார்ந்தால்தான் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். காய்ந்த பிறகு ஸ்டேக்கிங் மெஷினில் வரிசை வரிசையான முளைகள் தோலை அடித்து இழுத்து இளக்கும்.

அதாவது மென்மை தோலின் இயல்பே இல்லை. யாரோ நேரமும் எண்ணெயும் உழைப்பும் செலவழித்து உள்ளே கொண்டுவந்த குணம் அது. எவ்வளவு மென்மை வேண்டும் என்பதை டேனரி முடிவு செய்கிறது. 0.7 மில்லிமீட்டர் ஆட்டுத்தோலில் தைத்த ஜாக்கெட் வாங்கிய நாளே துணி மாதிரி விழும், விலையும் குறைவு. 1.3 மில்லிமீட்டர் மாட்டுத்தோலில் எண்ணெயைக் குறைத்து, டிரம் வேலையை நிறுத்திவைத்துச் செய்தது பலகை மாதிரி நிற்கும், விலை பல மடங்கு. வேலையை முழுசாக முடிக்காமல் விட்டதற்கு நாம் கூடுதலாகக் காசு கொடுக்கிறோம். மீதி வேலையை நாமே செய்து, அதன்மேல் கையெழுத்துப் போட்டுக்கொள்ள.

ஜப்பானில் பழைய பாணி ஜாக்கெட்டுகளை மறுபடி உருவாக்குகிறவர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார்கள். தோலின் உள்ளே தேநீர் நிறத்தில் சாயம் ஏற்றி, மேலே மட்டும் கறுப்பு பூசுவார்கள். போடப் போட, உரசும் இடங்களில் கறுப்பு தேய்ந்து உள்ளே இருக்கும் பழுப்பு எட்டிப் பார்க்கும். அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 'காலம் எழுதியது' என்று நாம் சொல்லும் அந்தப் பழுப்பு, சாயப்பட்டறையில் முன்கூட்டியே எழுதி வைத்தது. நடூல்மன் பிரஷ்ஷால் தேய்த்ததற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான். இங்கே தேய்க்கும் வேலையை வாங்குகிறவரிடமே விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் என் முழங்கையின் மூன்று வரி பொய்யா? இல்லை. அவை எங்கே விழுந்தன என்பது என் கையின் நீளம், நான் வண்டி பிடிக்கும் விதம் இரண்டையும் பொறுத்தது. அதே ஜாக்கெட்டை இன்னொருவர் போட்டிருந்தால் வேறு இடத்தில் விழுந்திருக்கும். அந்த அளவுக்கு அவை என்னுடையவை. ஆனால் அது ஒரு நீண்ட நாவலின் கடைசி அத்தியாயத்தில் கடைசிப் பத்தியை மட்டும் நான் எழுதியது போல. அட்டையில் என் பெயரைப் போட்டுக்கொள்ள அது போதாது.

5

அந்த நாவலின் முன் அத்தியாயங்கள் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன. டி. செல்வராஜின் 'தோல்' 2010இல் வெளிவந்து, 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்த மக்களையும் அவர்கள் சங்கமாகத் திரண்ட போராட்டத்தையும் பற்றிய நாவல். வெளிவந்த காலத்தில் அதைப் பெரும்பாலும் இயக்க வரலாறாகவே படித்தோம். கட்சி சார்ந்தது, கலையாக எவ்வளவு தேறும் என்ற வழக்கமான விவாதத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

இன்று அந்தத் தலைப்பை வேறு மாதிரி பார்க்கத் தோன்றுகிறது. 'தோல்' என்று பொதுவாக வைத்துவிட்டார். எந்தத் தோல் என்று சொல்லவில்லை. தொழிற்சாலையில் இரண்டு தோல்கள் இருக்கின்றன. மாட்டினுடையது ஒன்று, அதைக் கையாளுகிறவருடையது இன்னொன்று. சுண்ணாம்புக்கு இரண்டும் ஒன்றுதான். முடியைக் கரைக்கும் அதே காரம் கையையும் காலையும் அரிக்கும். குரோமியம் கையில் சின்னச் சின்னக் குழிப் புண்களை உண்டாக்கும். என் ஜாக்கெட்டில் விழும் கோடு 'குணம்' என்று பெயர் வாங்குகிறது. என் பெரியப்பாவின் உள்ளங்கையில் இருக்கும் வெடிப்பை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

சாதியைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. நியூயார்க்கில் தோல் உடுத்துவது கலகம். இங்கே தோலைத் தொடுவது தலைமுறைகளாகச் சிலர் தலையில் மட்டும் கட்டப்பட்டு, பிறகு அதையே காரணமாகச் சொல்லி அவர்களை ஒதுக்கியும் வைத்த வேலை. பூமணியின் 'பிறகு' நாவலில் அழகிரி கிராமத்துக்காகத் தோல் தைத்துக் கொடுக்கிறவர். அந்த ஊருக்கு அவர் வேலை வேண்டும், அவர் வேண்டியதில்லை. ஜாக்கெட்டின் வாசனையை ரசித்து எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வரும். 'டேனரி வாசனை அடிக்குது' என்று பள்ளியில் பையன்களைப் பிரித்து உட்கார வைத்ததுண்டு. ஒரே பொருள், இரண்டு வாசனை. நடுவில் எங்கோ ஒரு இடத்தில் நாற்றம் மணமாக மாறுகிறது. அந்த இடம் கடையின் கண்ணாடிக் கதவு என்று நினைக்கிறேன்.

அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நடந்தவை பொது ஆவணங்களில் இருக்கின்றன. பாலாற்றுப் படுகையை டேனரிக் கழிவு கெடுத்ததைப் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வலுப்பெற்றது அந்தத் தீர்ப்பில். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மென்மைக்கான கணக்கில் இதுவும் ஒரு வரி.

6

இவ்வளவு சொன்ன பிறகு, 'அப்போ ஜாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். போடவில்லை. போடுவதாகவும் இல்லை.

காரணம், பழக்குவதைப் பற்றிய அந்த அழகியலில் உண்மையான ஒன்றும் இருக்கிறது. ஒரு பொருளோடு இரண்டு வருடம், பத்து வருடம் இருப்பது என்பது இன்று சாதாரணமில்லை. நாலு முறை துவைத்தால் சுருங்கும் சட்டையை வாங்கி எறிகிற காலத்தில், கடித்தாலும் பரவாயில்லை என்று ஒன்றைச் சகித்து, மழையில் நனைந்தால் அடுப்பு பக்கம் கொண்டு போகாமல் நிழலில் காயவைத்து, வருஷத்துக்கு ஒருமுறை அளவாக எண்ணெய் தடவிக் காப்பாற்றுவது நல்ல பழக்கம்தான். இவ்வளவு பேர் இவ்வளவு கொடுத்துச் செய்த ஒன்றைச் சீக்கிரம் வீணாக்காமல் இருப்பதே அவர்களுக்கான குறைந்தபட்ச மரியாதை.

என் வாதம் எல்லாம் வாசிப்பைப் பற்றியதுதான். ஜாக்கெட்டை ஒரு பிரதியாக வாசிக்கிறோம் என்றால் முழுசாக வாசிக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் பார்த்துப் 'போட்டவன் வாழ்ந்த வாழ்க்கை' என்று விமர்சனம் எழுதுவது, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மதிப்புரை எழுதுவது மாதிரி. உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் என் குடும்பத்திலேயே இருந்தார். அவர் செய்ததுதான் நல்ல விமர்சனம். எது விடப்பட்டிருக்கிறது, ஏன் விடப்பட்டிருக்கிறது என்று கட்டைவிரலால் கண்டுபிடித்தார்.

கன்னின் கவிதையில் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, வார நாட்களைத் தொட்டுக் காட்டுவதோடு சரி. செல்வராஜின் நாவலில் வார நாட்கள் இருக்கின்றன, அந்தத் தோல் கடைசியில் யார் தோளில் ஏறுகிறது என்பது அதன் கவலை இல்லை. இரண்டும் ஒரே படைப்பில் சந்தித்து நான் படித்ததில்லை. சென்னைப் புறநகரில் தோல் ஆடை தைக்கும் யூனிட்டுகளில் இன்றும் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, வெளிநாட்டுக்குப் போகிற ஜாக்கெட்டுகளுக்குக் கை தைக்கிறார்கள், காலர் வைக்கிறார்கள். தைத்து முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க யாராவது ஒருத்தி ஒரு நிமிஷம் அதைப் போட்டுப் பார்த்திருப்பாளா? முழங்கையை மடக்கியிருப்பாளா? முதல் வரி அங்கேதான் விழுந்திருக்குமா? அந்தக் கதையை உங்களில் யாராவது எழுதினால், முதல் ஆளாகப் படிக்க நான் இருக்கிறேன்.